இங்கிலாந்தில் மிட்வைஃபரி பட்டம் படிக்க முடியுமா? ஒரு தாயின் கேள்விக்கு என் பதில்

கேள்வி சுருக்கமாக இது: "அக்கா, எனக்கு 29 வயது. சென்னையில் பி.காம் முடித்தேன். கல்யாணமாகி இங்கிலாந்து வந்து ஆறு வருடம் ஆகிறது. மகனுக்கு மூன்று வயது. அவன் பிறந்தபோது என்னைப் பார்த்துக்கொண்ட மிட்வைஃபை (பிரசவம் பார்ப்பவரை) இன்னும் மறக்க முடியவில்லை. அந்தப் படிப்பைப் படிக்க ஆசை. பி.காம்காரிக்கு இடம் தருவார்களா? எவ்வளவு செலவு ஆகும்? சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு முடியுமா? 'போயும் போயும் மருத்துவச்சி வேலையா' என்று மாமியார் கேட்கிறார். என்ன சொல்வது?"

முடியும். நானும் அப்படி வந்தவள்தான். கும்பகோணத்தில் கணிதம் படித்துவிட்டு இங்கே வந்து, இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு, 31 வயதில் முதலாமாண்டு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு 18 வயது. இந்தப் பக்கம் இருந்தவருக்கு 44. வயதை யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஆசையோடு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் உங்கள் விசாவை எடுத்துப் பாருங்கள். நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கடைசி நேரத்தில் இடிந்துபோகிறார்கள். நிரந்தர வசிப்புரிமை கிடைத்துவிட்டது, படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் இந்த நாட்டில்தான் இருந்தீர்கள் என்றால், பொதுவாக உள்நாட்டு மாணவராகக் கணக்கில் எடுப்பார்கள். கணவரின் வேலை விசாவில் சார்ந்திருப்பவராக இருந்தால் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான். அது உள்நாட்டுக் கட்டணத்தைவிட மிக அதிகம். அரசின் கல்விக் கடனும் கிடைக்காது. பல பல்கலைக்கழகங்கள் இந்தப் படிப்புக்கு வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதே இல்லை. நிரந்தர உரிமைக்கு இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி என்றால் அந்த வருடத்தை ஆக்சஸ் கோர்ஸுக்குத் (பட்டப்படிப்புக்கு முன்னால் படிக்கும் ஒரு வருடப் படிப்பு) தயாராவதில் செலவிடுங்கள். அவசரப்பட வேண்டாம்.

உள்நாட்டு மாணவர் என்றால் கணக்கு இப்படி. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் 2025-26 கல்வியாண்டில் வருடக் கட்டணம் 9,535 பவுண்டு. அதற்குக் கல்விக் கடன் உண்டு. "ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருக்கிறேனே, இரண்டாவது பட்டத்துக்குக் கடன் தரமாட்டார்களாமே" என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பொதுவாக அது உண்மை. ஆனால் நர்ஸிங், மிட்வைஃபரி போன்ற சில படிப்புகளுக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் பி.காம் இதற்குக் குறுக்கே நிற்காது. அதோடு இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் வருடத்துக்கு 5,000 பவுண்டு உதவித்தொகை தருகிறது. இது திருப்பிக் கட்டவேண்டிய பணம் இல்லை. சின்னப் பிள்ளை இருக்கும் மாணவருக்கு இன்னொரு 2,000 பவுண்டு. பயிற்சிக்குத் தூரத்து மருத்துவமனைக்குப் போனால் பயணச் செலவுக்கும் கேட்கலாம். 2017-க்கு முன்பு இங்கிலாந்தில் கட்டணமே இல்லாமல், கையில் உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு படித்தார்கள். அதை எடுத்தது பெரிய தவறு என்பது என் எண்ணம். வயது வந்த, குடும்பம் உள்ள பெண்கள்தான் அதனால் அதிகம் பின்வாங்கினார்கள். ஸ்காட்லாந்தில் வசிப்பவர்களுக்கு இன்றும் கட்டணம் கிடையாது, வருடம் 10,000 பவுண்டு உதவித்தொகையும் உண்டு. வேல்ஸில், படித்து முடித்து இரண்டு வருடம் அங்கேயே வேலை செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் கட்டணத்தை அரசு கட்டும்.

இப்போது தகுதி. ஏ லெவல் (நம் ஊர் பன்னிரண்டாம் வகுப்பு போல) முடித்து வரும் பிள்ளைகளிடம் மூன்று பாடங்களில் பி அல்லது அதற்கு மேல் கேட்பார்கள், பல இடங்களில் உயிரியல் வேண்டும் என்பார்கள். உங்களைப் போல வேறு துறையில் படித்துவிட்டு வருபவர்களுக்கு நல்ல வழி ஆக்சஸ் டிப்ளமா. உள்ளூர்க் கல்லூரியிலேயே ஒரு வருடம். உயிரியல், உளவியல், கட்டுரை எழுதும் முறை எல்லாம் அதில் வந்துவிடும். அதற்கு வாங்கும் கடனில் ஒரு சலுகை இருக்கிறது: பின்னர் பட்டப்படிப்பை முடித்துவிட்டால் ஆக்சஸ் படிப்புக்கான கடன் பாக்கி தள்ளுபடி. ஆங்கிலம், கணிதம் இரண்டுக்கும் ஜிசிஎஸ்இ (நம் ஊர் பத்தாம் வகுப்புத் தேர்வு போல) தரத்தில் சான்று கேட்பார்கள். நம் ஊர் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை ஏற்பார்களா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "பரவாயில்லை" என்று சொன்னதை நம்பி ஒரு வருடத்தை இழந்த பெண்ணை எனக்குத் தெரியும்.

மாமியார் கேட்டதற்கு வருகிறேன். அதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் இல்லை. எங்கள் தெருவில் பிள்ளைப்பேறு பார்த்த அம்மாவை நடுராத்திரியில் கதவைத் தட்டிக் கூட்டி வருவார்கள். பிள்ளை பிறந்து, நஞ்சு விழுந்து, எல்லாம் சுத்தம் செய்து முடிந்ததும் கொல்லைப்புற வழியாக அனுப்பிவிடுவார்கள். சாதி பார்த்து ஒதுக்கிய கைதான் வீட்டின் முதல் பேரனை ஏந்திய கை. உங்கள் மாமியார் அந்த வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவராக இருக்கலாம். அவருக்குத் தெரியாதது இது: இங்கே இந்தத் தொழிலுக்கு 1902-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பிரசவத்தைப் பொறுப்பெடுத்துப் பார்க்கும் உரிமை சட்டப்படி டாக்டருக்கும் மிட்வைஃபுக்கும் மட்டும்தான். ஆபத்து வேளையில் யாராவது உதவலாம், பயிற்சியில் இருப்பவர் மேற்பார்வையில் பார்க்கலாம், அவ்வளவுதான். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் தொடக்கம் முதல் பிள்ளை பிறந்து சில வாரம் வரை பொறுப்பு முழுக்க மிட்வைஃபினுடையது. டாக்டர் சொல்லி நாம் செய்வதில்லை. டாக்டரை எப்போது கூப்பிடுவது என்று முடிவெடுப்பதே நாம்தான். இதை மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். என் அம்மாவுக்குப் புரிய மூன்று வருடம் ஆனது.

படிப்பு மூன்று வருடம். மொத்தம் 4,600 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஏறக்குறைய பாதி வகுப்பறை, பாதி மருத்துவமனையும் சமூக கிளினிக்கும். மற்ற பட்டப்படிப்புகள் போல மே மாதம் முடித்துவிட்டு செப்டம்பரில் திரும்பி வரும் கதை கிடையாது. விடுமுறை குறைவு, கோடையிலும் பிளேஸ்மென்ட், அதாவது மருத்துவமனைப் பயிற்சி, இருக்கும். முடிக்கும்போது உங்கள் பதிவேட்டில் சில எண்ணிக்கைகள் நிறைந்திருக்க வேண்டும்: கர்ப்பிணிகளுக்கு 100 பரிசோதனை, பிள்ளை பெற்ற தாய்மார் 100 பேர், பச்சிளங்குழந்தைகள் 100, எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் கையாலேயே 40 பிரசவம். பிரசவங்கள் போதாத இடத்தில் 30 பிரசவமும், கூட இருந்து உதவிய 20-ம் என்று ஒரு விலக்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் மேற்பார்வை செய்த மிட்வைஃபின் கையெழுத்து வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் எண்ணிக்கை குறைவாக இருந்தால் தூக்கம் வராது. தோழிகள் "எத்தனை ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் சொல்வேன், எண்ணிக்கை தானாக வந்து சேரும். அதன் பின்னால் ஓடினால் கற்க வேண்டியது கைநழுவும்.

கற்க வேண்டியது என்ன என்று கேட்டால், "குழந்தையைப் பிடிப்பது" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான பிரசவங்களில் குழந்தை தானாகவே வரும். எப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வது, எப்போது ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மணியை அழுத்துவது என்பதுதான் இந்த மூன்று வருடப் பாடம். அது புத்தகத்திலிருந்து தலைக்கும், தலையிலிருந்து விரல்களுக்கும் இறங்க நாள் பிடிக்கும்.

உதாரணத்துக்கு வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் சமூக கிளினிக்கில் 36 வாரக் கர்ப்பிணி ஒருவர் படுத்திருந்தார். பயிற்சி தரும் மூத்த மிட்வைஃபை மென்டர் என்போம். என் மென்டர், "கையைச் சூடு பண்ணிக்கொள்" என்றார் முதலில். பிறகு, "அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொடு" என்றார். மேல்வயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தேன். ஒன்றும் புரியவில்லை. எல்லாம் ஒரே உருண்டை. மென்டர் என் கைமேல் தன் கையை வைத்து மெல்ல நகர்த்தினார். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும் நீளமான மேடு, அது முதுகு. எதிர்ப்பக்கம் முண்டும் முடிச்சுமாகத் தட்டுப்பட்டது கைகால். கீழே இடுப்பெலும்புக்கு மேல் இரண்டு பக்கமும் விரலை அழுத்தினால் உரித்த தேங்காயைப் போலக் கெட்டியாக ஒன்று, தலை. பிட்டமாக இருந்தால் அவ்வளவு கெட்டியாக இருக்காது, அசைத்தால் உடம்பும் சேர்ந்து அசையும். அன்று வீட்டுக்குப் போய் இரவு முழுக்க விரல்களில் அந்த உணர்வை மீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயிற்றின் உயரத்தை அளக்கும் டேப்பைத் திருப்பிப் பிடிக்கச் சொல்வார்கள். எண்கள் வயிற்றுப் பக்கம் இருக்க வேண்டும், நம் கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஏன் தெரியுமா? 32 வாரம் என்றால் 32 சென்டிமீட்டர் வரும் என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடும், கை அதற்கேற்றபடி டேப்பை இழுக்கும். அளந்து முடித்தபிறகுதான் திருப்பிப் பார்க்க வேண்டும். வளராமல் நின்றுபோன ஒரு குழந்தையைக் கண்டுபிடிப்பது இந்தச் சின்ன ஒழுக்கத்தில் இருக்கிறது.

பினார்ட் என்றொரு குழல் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் அடோல்ஃப் பினார்ட் உருவாக்கியது. மரத்திலோ உலோகத்திலோ சின்ன நாதஸ்வர அணசு போல இருக்கும். அகன்ற பக்கத்தை வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்து, கையை எடுத்துவிட வேண்டும். அடுத்த தெருவில் யாரோ தையல் மிஷின் ஓட்டுவது போல, மெல்லிசாக, வேகமாக ஒரு துடிப்பு கேட்கும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். அதே நேரம் தாயின் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவருடைய துடிப்பைக் குழந்தையுடையது என்று நினைத்துவிடாமல் இருக்க. கையடக்க மின்கருவி எல்லா அறையிலும் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். கருவி ஓசையைப் பெரிதாக்கித் தரும், தாயின் ரத்த ஓட்டத்தையும் குழந்தையின் துடிப்பு போலக் காட்டிவிடும். குழலில் கேட்பது இதயத்தின் நேரடி ஓசை.

லேபர் வார்டு வேறு உலகம். எனக்கு மறக்காத இரவு ஒன்று. யாழ்ப்பாணத்துப் பெண், இரண்டாவது பிரசவம். வலி உச்சத்தில் இருந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ஏலாது, ஏலாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மென்டர் என்னிடம், "என்ன சொல்கிறார்?" என்றார். முடியாது என்கிறார் என்றேன். மருந்து கொடுக்க வேண்டுமோ, டாக்டரைக் கூப்பிட வேண்டுமோ என்று என் கால்கள் கதவுப் பக்கம் திரும்பின. மென்டர் குழந்தையின் துடிப்பைக் கேட்டார், தாயின் முகத்தைப் பார்த்தார், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீயும் உட்கார். முடியாது என்று சொன்னால் குழந்தை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். எந்த மொழிக்காரியும் இந்த இடத்தில் இதைத்தான் சொல்வாள்." நான் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலும் அக்கா, கிட்ட வந்திட்டுது" என்றேன், எனக்குத் தெரிந்த அவர் தமிழில். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை. நான் செய்தது கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. தலை வெடுக்கென்று வராமல் ஒரு கையால் லேசாகத் தாங்கினேன், பிறந்ததும் துண்டால் துடைத்துத் தாயின் மார்பில் போட்டேன், தொப்புள்கொடியின் துடிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். மிட்வைஃப் என்ற சொல்லுக்கு மூலத்தில் பெண்ணின் கூட இருப்பவர் என்று பொருள். அன்றுதான் எனக்கு அது விளங்கியது.

மொழி தெரிந்தது பெரிய வரம். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆறுதல் சொல்வது வேறு, சிகிச்சைக்குச் சம்மதம் வாங்குவது வேறு. சம்மதத்துக்குப் பயிற்சிபெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கணவரையோ நாத்தனாரையோ வைத்துப் பேசக் கூடாது என்று வழிகாட்டுதல் இருக்கிறது. "வீட்டில் யாராவது உன்னை அடிக்கிறார்களா?" என்று ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் தனியாகக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கணவர் வாயால் மொழிபெயர்த்தால் என்ன பதில் வரும்? நம் பெண்கள் "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லும்போது அதில் எத்தனை வகை இருக்கிறது என்று நமக்குத் தெரியும். நம்மைப் போன்றவர்கள் இந்தத் தொழிலுக்கு வரவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தோல் நிறத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்கு மதிப்பெண் போடும் ஆப்கார் முறையை அமெரிக்க மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் 1950-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தார். அதில் நிறத்துக்கும் மதிப்பெண் உண்டு. "உடல் முழுக்க இளஞ்சிவப்பு" என்றால் இரண்டு. நம் குழந்தைகள் என்றைக்கு இளஞ்சிவப்பாகப் பிறந்தார்கள்? இந்தக் குறையை 2023-இல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வறிக்கை வெளிப்படையாகச் சுட்டியது. மாநிறக் குழந்தையிடம் நாக்கையும் ஈறையும் பார்க்க வேண்டும், மஞ்சள் காமாலைக்குக் கண்ணின் வெள்ளையைப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கண்ணை நம்பாமல் அளந்துவிட வேண்டும். வகுப்பில் காட்டும் படங்கள் எல்லாம் வெள்ளைக் குழந்தைகளாக இருந்தால் கையைத் தூக்கிக் கேளுங்கள். நான் முதலாமாண்டில் கேட்கவில்லை, மூன்றாமாண்டில்தான் கேட்டேன். அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றும் வருத்தம்தான். அதேபோல, தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் பரிசோதனை செய்யச் சொல்வோம். "காலையில் இட்லி, மத்தியானம் சாதம், ராத்திரி தோசை" என்று சொல்லும் பெண்ணிடம் உருளைக்கிழங்கைக் குறைக்கச் சொல்லும் அச்சிட்ட தாளைக் கொடுப்பதில் பயன் இல்லை. அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் பேச வேண்டும்.

ஓடவேண்டிய நேரங்களுக்கு வருகிறேன். தலை வந்துவிட்டது, தோள் சிக்கிக்கொண்டது. இதற்குப் பொம்மை வைத்து மறுபடி மறுபடி ஒத்திகை பார்ப்போம். ஒருவர் மணியை அழுத்தி மருத்துவமனையின் அவசர எண்ணான 2222-க்கு அழைப்பார், இரண்டு பேர் தாயின் முழங்கால்களை வயிற்றோடு சேர்த்து மடக்குவார்கள், ஒருவர் அடிவயிற்றில் எலும்புக்கு மேலே அழுத்துவார், இன்னொருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டே இருப்பார். வகுப்பில் நூறு தடவை செய்திருந்தால்தான் உண்மையில் நடக்கும்போது கை தானாகப் போகும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கும் அப்படித்தான். கண்ணால் பார்த்து அளவு சொன்னால் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வோம். அதனால் நனைந்த துணிகளைத் தராசில் போட்டு எடை பார்ப்போம், ஒரு கிராம் ஒரு மில்லிலிட்டர் என்று. மருந்துக் கணக்குக்குத் தனித் தேர்வு உண்டு, நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் தேர்ச்சி. பி.காம் படித்த உங்களுக்கு அது பயமாக இருக்காது.

இரண்டாமாண்டில் சட்டமும் அறமும் கனமாக வரும். மான்ட்கோமரி வழக்கைக் கட்டாயம் படிப்பீர்கள். சர்க்கரை நோய் இருந்த, உயரம் குறைந்த ஒரு தாய். அவருக்குத் தோள் சிக்கும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம். சொன்னால் சிசேரியன் கேட்டுவிடுவார் என்று மருத்துவர் சொல்லவில்லை. 1999-இல் பிரசவத்தில் தோள் சிக்கியது, குழந்தைக்கு மூளை பாதிக்கப்பட்டது. 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்தத் தாயின் பக்கம் தீர்ப்பு சொன்னது. அந்தப் பெண்ணுக்கு எது முக்கியமோ அதை அவரிடம் சொல்லியாக வேண்டும் என்பது அதற்குப் பிறகு சட்டம். நம் ஊரில் "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம், நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்வதை அன்பு என்று நினைத்து வளர்ந்தவள் நான். அதை மறக்கப் பழகுவது எனக்குக் கடினமாக இருந்தது.

2022 மார்ச்சில் வந்த ஆக்கெண்டன் அறிக்கையும் பாடத்தில் இருக்கும். டோனா ஆக்கெண்டன் தானும் ஒரு மிட்வைஃப். ஷ்ரூஸ்பெரி, டெல்ஃபோர்ட் மருத்துவமனைகளில் ஏறக்குறைய 1,500 குடும்பங்களின் விவரங்களை அவருடைய குழு ஆராய்ந்தது. கவனிப்பு சரியாக இருந்திருந்தால் 201 குழந்தைகளும் 9 தாய்மாரும் பிழைத்திருக்கலாம் என்று கண்டார்கள். தாய்மார் சொன்னதைக் கேட்கவில்லை, சிசேரியனைத் தள்ளிப்போட்டார்கள், மூத்தவர்களிடம் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. சுகப்பிரசவம் நல்லதுதான், ஆனால் அதுவே பிடிவாதமானால் கொல்லும். கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கற்றவள் எழுந்திருக்கவும் கற்றிருக்க வேண்டும். மாணவியாக இருக்கும்போதே மூத்தவரிடம் "இந்தத் துடிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொல்லும் துணிச்சல் வேண்டும். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்ட நமக்கு இது எல்லாப் பாடத்தையும்விடக் கடினம். நான் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவமனையில் ஒருமுறை சொல்லாமல் விட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடம் நான் மென்று விழுங்கிக்கொண்டு நின்றதை மன்னித்துக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆனது.

துக்கமும் வரும், அதை மறைக்க மாட்டேன். வயிற்றிலேயே இறந்த குழந்தையைப் பெறும் தாயோடு இருக்கும் நாள் ஒன்று உங்களுக்கும் வரும். குளிரூட்டிய தொட்டில் ஒன்று இருக்கும், பெற்றோர் குழந்தையைக் கூடுதல் நேரம் தங்களோடு வைத்திருக்கலாம். பிஞ்சுப் பாதத்தில் மையைத் தடவி அட்டையில் பதிக்க வேண்டும். நடுங்காமல் செய்ய வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு மிஞ்சப்போவது அந்த அட்டைதான். இரண்டு மூன்று நாளில் அந்தத் தாய்க்கும் பால் சுரக்கும். அதை முன்கூட்டியே, மென்மையாக, அவரிடம் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். மென்டரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.

சரி, மூன்று வயது மகன். ஷிஃப்ட் பெரும்பாலும் பன்னிரண்டரை மணி நேரம், இரவும் உண்டு, சனி ஞாயிறும் உண்டு. காலை ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும் என்றால் நர்சரி திறக்கும் முன்பே நீங்கள் கிளம்பியிருப்பீர்கள். ஆகவே கணவர் "உதவி செய்கிறேன்" என்று சொன்னால் போதாது. வாரத்தில் எந்தெந்த நாள் காலை அவர் பொறுப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அந்தத் தாள் மூன்று வருடம் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை சாம்பாரும் ஒரு குழம்பும் வைத்து டப்பாக்களில் உறைய வைப்பேன். கட்டுரைகளைக் காலை நாலு மணிக்கு எழுதினேன். குடும்பத்தில் ஏதாவது ஆனால் ஒரு வருடம் நிறுத்திவைத்துவிட்டுத் திரும்ப வரவும் வழி இருக்கிறது. என்னோடு படித்தவர்களில் இரண்டு பேர் அப்படிச் செய்து முடித்தார்கள்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்? "குழந்தைகள் என்றால் பிடிக்கும்" என்று தொடங்காதீர்கள். நாம் பார்த்துக்கொள்வது முதலில் தாயை. உங்கள் மிட்வைஃப் செய்த ஏதாவது ஒன்றை, ஒரே ஒன்றை, நுணுக்கமாகச் சொல்லுங்கள். அவர் எப்போது பேசினார், எப்போது பேசாமல் இருந்தார், அது உங்களுக்கு என்ன செய்தது என்று. ஆனால் உங்கள் பிரசவக் கதையிலேயே நின்றுவிடக் கூடாது, அதிலிருந்து மிட்வைஃபின் பொறுப்பைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று நகர வேண்டும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது அமைப்பு யூகாஸ். அதன் விண்ணப்பத்தின் கடைசி நாள் ஜனவரி நடுவாக்கில் வரும். 2026 சேர்க்கையிலிருந்து தன்விளக்கக் கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகளுக்கு எழுத வேண்டும். இடத்துக்குப் போட்டி அதிகம். முதல் வருடம் கிடைக்காமல் அடுத்த வருடம் வந்தவர்கள் நிறைய. அதற்குள் மருத்துவமனையில் மகப்பேறு உதவியாளராகவோ, தாய்ப்பால் ஆதரவுக் குழுவில் தன்னார்வலராகவோ சேர்ந்தால் விண்ணப்பத்துக்கு உயிர் வரும்.

வேலை பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். புதிதாக முடித்தவருக்கு என்எச்எஸ் சம்பளம் 2025-26 கணக்கில் வருடம் 31 ஆயிரம் பவுண்டு அளவில் தொடங்கும், மத்திய லண்டனில் கூடுதல் படி உண்டு. பழகும் காலம் முடிந்து அடுத்த நிலைக்குப் போனால் 38 ஆயிரத்தைத் தாண்டும். மிட்வைஃபுகள் பற்றாக்குறை என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டே, பணமில்லை என்று பணியிடங்களை நிரப்பாமல் வைத்ததால் 2025-இல் படித்து முடித்த பலர் வேலைக்கு அலைந்தார்கள். அதன் பிறகே பட்டதாரிகளுக்கு வேலை உறுதி என்று அரசு ஒரு திட்டம் அறிவித்தது. நீங்கள் முடித்து வரும்போது நிலைமை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை வேண்டும் என்று கட்டாயம் இருந்தால், அந்தப் பகுதி மருத்துவமனையோடு இணைந்த பல்கலைக்கழகத்தையே தேர்ந்தெடுங்கள். மூன்று வருடம் உங்களைப் பார்த்தவர்கள் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல்.

இதைப் படிக்கும் நர்ஸ் சகோதரிகளுக்கும் ஒரு வரி. இங்கே பதிவுபெற்ற பொது நர்ஸாக இருப்பவர்களுக்குச் சுருக்கப்பட்ட மிட்வைஃபரி படிப்பு உண்டு, மூன்று வருடம் வேண்டாம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி நர்ஸிங் முடித்து இங்கே வேலை செய்பவர்கள் மென்டரிடமோ பயிற்சிப் பிரிவிலோ இதைக் கேட்டுப் பாருங்கள். இந்தியாவிலும் 2018-இல் மத்திய அரசு மிட்வைஃபரி வழிகாட்டுதலை வெளியிட்டு, நர்ஸுகளுக்கு 18 மாதத் தனிப் பயிற்சியைக் கொண்டுவந்திருக்கிறது.

இந்த வாரம் உங்களுக்கு மூன்று வேலை. விசா நிலையைப் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். பக்கத்துக் கல்லூரியில் ஆக்சஸ் கோர்ஸ் சேர்க்கை எப்போது என்று பாருங்கள். உங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.காம் சான்றிதழ்களின் அசல் சென்னையில் பெட்டிக்கு அடியில் கிடந்தால் அம்மாவிடம் சொல்லி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு அது வந்து சேரவே ஏழு வாரம் ஆனது.